நைட்ரோபுரூசைடு ஓடும் குழந்தைக்கு லாக்டேட் ஏறினால்

குழந்தைகள் ஐசியுவில் பணிபுரியும் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவரின் கேள்வி இது. 3 மாதக் குழந்தை, எடை 4 கிலோ. பெருந்தமனிச் சுருக்கத்துக்கு, வார்டில் எல்லோரும் சொல்கிற கோஆர்க்டேஷனுக்கு, இடப்பக்க மார்பைத் திறந்து அறுவை முடிந்திருக்கிறது. ஐசியுவுக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே சிஸ்டாலிக் அழுத்தம் 130-ஐத் தாண்டியது. ரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும் சோடியம் நைட்ரோபுரூசைடை ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.5 மைக்ரோகிராமில் தொடங்கி, அடங்கவில்லை அடங்கவில்லை என்று 4 வரை ஏற்றி, மொத்தம் 30 மணி நேரம் ஓட்டியிருக்கிறார்கள். அழுத்தம் அடங்கிவிட்டது. செல்லால் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபோது ரத்தத்தில் சேரும் லாக்டேட் மட்டும் 1.5-இலிருந்து 7-க்கு ஏறியிருக்கிறது. எக்கோவில் இதயம் நன்றாகத் துடிக்கிறது, கை கால் கதகதப்பாக இருக்கின்றன, சிறுநீரும் போகிறது. மருந்துதான் காரணமா? இந்த மருந்திலிருந்து வரும் சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறும்; அந்தத் தயோசயனேட் அளவு இயல்பு என்று வந்திருக்கிறதே, அப்படியானால் சயனைடு நச்சு இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா? வேறு எதைக் கொடுத்திருக்கலாம்?

மருந்துதான் என்று முதலில் வைத்துக்கொண்டு பம்பை நிறுத்துங்கள். மற்ற காரணங்களை அதற்குப் பிறகு தேடலாம். இந்த மருந்தின் வேலை நிறுத்திய 1 முதல் 10 நிமிடத்தில் போய்விடும். அழுத்தம் திரும்ப ஏறினால் அதற்கு வேறு மருந்து இருக்கிறது. சயனைடு நச்சை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டால் வரும் சேதத்துக்கு அப்படி மாற்று கிடையாது.

ஏன் இந்தச் சந்தேகம் முதலில் வரவேண்டும் என்பதைக் கணக்கே சொல்லும். நைட்ரோபுரூசைடு மூலக்கூறில் நடுவில் ஒரு இரும்பு, அதைச் சுற்றி ஒரு நைட்ரிக் ஆக்சைடு, ஐந்து சயனைடு. எடையில் ஏறத்தாழ 44 சதவீதம் சயனைடுதான். நமக்கு வேண்டியது அந்த ஒற்றை நைட்ரிக் ஆக்சைடு. ரத்தக் குழாயைத் தளர்த்துவது அதுதான். மீதி ஐந்தும் கூடவே வந்து சேர்கிற சுமை. 4 கிலோ குழந்தைக்கு 4 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 16, மணிக்கு 960 மைக்ரோகிராம். முழு நேரமும் அந்த அளவில் ஓடியிருந்தால் 30 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 29 மி.கி. மருந்து, அதில் பன்னிரண்டரை மி.கி. சயனைடு. பம்பின் திரையில் தெரிவது மணிக்கு 4.8 மி.லி. என்ற சின்ன எண்தான். அதைப் பார்த்து யாருக்கும் பயம் வராது.

உடம்பு இதைச் சமாளிக்க இரண்டு வழி வைத்திருக்கிறது. மருந்து சிவப்பணுவில் ஹீமோகுளோபினோடு சேர்ந்து உடையும்போது கொஞ்சம் மெத்ஹீமோகுளோபின், அதாவது இரும்பு மாறிப்போய் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின், உண்டாகிறது. அதன் இரும்பு சயனைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இது ஒரு சிறிய தற்காலிகக் கிடங்கு, அவ்வளவுதான். மீதிச் சயனைடு கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரோடனீஸ் என்ற நொதி தயோசல்பேட்டிலிருந்து ஒரு கந்தக அணுவை எடுத்துச் சயனைடில் ஒட்டி, தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது சிறுநீரில் வெளியேறும். மரவள்ளிக்கிழங்கில் இருக்கிற சயனைடை உடம்பு செரித்துத் தள்ளுவதும் இதே வழியில்தான். நொதி பொதுவாகப் போதுமான அளவு இருக்கும். தட்டுப்பாடு கந்தகத்துக்குத்தான் வரும். அறுவைக்கு முன்பே மூச்சிரைப்பால் பால் குடிக்க முடியாமல் எடை ஏறாமல் கிடந்த குழந்தை, பல நாளாக வெறும் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பில் இருந்த குழந்தை, இவர்களிடம் அந்தக் கையிருப்பு குறைவு என்று எண்ணிக்கொண்டு நடப்பதே நல்லது. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் முதல் கிடங்கும் சிறுத்துவிடும்.

இந்த மருந்தின் அமெரிக்கக் குறிப்பேட்டில் இரண்டு எண்கள் உண்டு. ஐசியுவில் வேலை செய்கிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியவை. ஒன்று: ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஓடினால், உடம்பு அப்புறப்படுத்துகிற வேகத்தைவிடச் சயனைடு சேருகிற வேகம் அதிகம். இரண்டு: மெத்ஹீமோகுளோபின் கிடங்கு, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 500 மைக்ரோகிராம் மருந்திலிருந்து வரும் சயனைடோடு நிரம்பிவிடும். உச்ச அளவான 10 மைக்ரோகிராமில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதனால்தான் அந்த உச்ச அளவை 10 நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அதற்குள் அழுத்தம் இறங்காவிட்டால் மருந்தையே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி.

இந்தக் குழந்தைக்கு இந்த எண்களைப் பொருத்திப் பாருங்கள். 4-இல் ஓடும்போது, கழிந்துபோகக்கூடிய 2-ஐத் தள்ளினால் மிச்சம் 2. அது மணிக்கு 480 மைக்ரோகிராம். 4 கிலோவுக்குக் கிடங்கின் கொள்ளளவு 2,000 மைக்ரோகிராம். நாலேகால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். தோராயக் கணக்குதான், குழந்தைக்குக் குழந்தை மாறும். ஆனாலும் 30 மணி நேரம் என்பது அந்த எல்லைக்கு எவ்வளவு தூரம் அப்பால் என்று தெரிகிறது அல்லவா?

அடுத்து, அழுத்தம் ஏன் அடங்க மறுத்தது என்பதைப் பார்க்க வேண்டும். டோஸ் ஏறியதற்குக் காரணமே அதுதான். சுருக்கத்தை வெட்டித் தைத்துவிட்டால் அழுத்தம் இறங்கத்தானே வேண்டும்? பல குழந்தைகளில் ஏறும். பெரிய பிள்ளைகளில் அதிகம், கைக்குழந்தைகளில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இதற்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் 24 மணி நேரம் பரிவு (சிம்பதெடிக்) நரம்புகளின் ஆட்டம்: ரத்தத்தில் நார்அட்ரினலின் எகிறும், சிஸ்டாலிக் அழுத்தம் ஏறும். இரண்டாம், மூன்றாம் நாளில் அழுத்தத்தை ஏற்றும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வரிசை சிறுநீரகத்திலிருந்து கிளம்பும், அப்போது டயஸ்டாலிக் அழுத்தமும் ஏறும். நைட்ரோபுரூசைடு இந்த இரண்டில் எதையும் அடக்காது. குழாயைத் தளர்த்துகிறதே தவிர, அழுத்தம் விழுந்ததும் உடம்பு எதிர்வினையாக இன்னும் அதிக நார்அட்ரினலினையும் ரெனினையும் ஊற்றும். இதயத் துடிப்பு 150-இலிருந்து 180-க்குப் போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும், டோஸ் ஏறும், எதிர்வினையும் ஏறும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டுதான் பெரும்பாலான குழந்தைகள் 2-ஐத் தாண்டுகின்றன. முன்பு 1-இல் அடங்கிய அழுத்தத்துக்கு இப்போது 3 தேவைப்படுகிறது என்றால், அதையே நச்சு சேர்வதன் முதல் அறிகுறியாகக் கருதச் சொல்வதும் உண்டு. டோஸை ஏற்றச் சொல்லி யாராவது ஃபோனில் சொன்னாலும், அந்த நேரத்தில் ஏற்ற வேண்டியது இரண்டாவது மருந்தைத்தான்.

லாக்டேட்டுக்கு வருவோம். சயனைடு செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாலும் செல்லால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதனால் லாக்டிக் அமிலம் சேரும், சிரை ரத்தம் ஆக்சிஜன் குறையாமலே இதயத்துக்குத் திரும்பும். நோயைப் பிரித்தறிய இதைவிட நல்ல துப்பு இல்லை. இதய வெளியேற்றம் குறைந்து லாக்டேட் ஏறினால் மைய சிரை ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 50-க்குக் கீழே கிடக்கும், கை கால் சில்லிடும், சிறுநீர் நின்றுபோகும். சயனைடால் ஏறினால் அது 85, 90 என்று நிற்கும். சென்ட்ரல் லைனிலிருந்து எடுத்த ரத்தம் தமனி ரத்தம் போலச் செக்கச்செவேலென்று இருப்பதைச் செவிலியர்தான் பல நேரம் முதலில் கவனிப்பார். தமனியில் ஒன்று, சிரையில் ஒன்று என ஒரே நேரத்தில் இரண்டு பிளட் கேஸ் அனுப்புங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். சிரை மாதிரி மேற்பெருஞ்சிரையிலிருந்து வர வேண்டும். லைனின் நுனி இதயத்தின் வலது மேலறையான ஏட்ரியத்துக்குள் போயிருந்து, குழந்தைக்கு ஏட்ரியங்களுக்கிடையே ஓட்டையும் இருந்தால், இடப்பக்கத்து ரத்தம் கலந்து எண் பொய்யாக உயரும்.

கோஆர்க்டேஷன் அறுவைக்குப் பின் லாக்டேட் ஏற வேறு காரணமும் உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. பல ஆண்டுகள், அல்லது பிறந்ததிலிருந்து, குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய குடல் தமனிகளில் திடீரென்று முழு அழுத்தம் பாயும்போது அவை வீங்கி இறுகும். வயிறு உப்பும், தொட்டால் குழந்தை முகம் சுளிக்கும், மூக்குக் குழாயில் பச்சையாக வரும், மலத்தில் ரத்தம் தெரியலாம். பால் தொடங்குவதை ஓரிரு நாள் தள்ளிவைப்பது இதற்காகத்தான். வயிறு கெட்டியாகி லாக்டேட் ஏறினால் குடலைப் பாருங்கள். வயிறு மெத்தென்று இருந்து, சிரை ரத்தம் சிவப்பாகவும் இருந்தால் பம்பைப் பாருங்கள். அட்ரினலின் ஓடுகிற குழந்தையிலும் லாக்டேட் ஏறும், கூடவே சர்க்கரையும் ஏறியிருக்கும். இந்த அறுவை பெரும்பாலும் இதய-நுரையீரல் இயந்திரம் இல்லாமலே நடப்பது. ஆகவே இயந்திரத்திலிருந்து இறங்கிய லாக்டேட் என்ற வழக்கமான சமாதானம் இங்கே பொருந்தாது. அதுவும் 30 மணி நேரம் கழித்து ஏறத் தொடங்கும் லாக்டேட்டுக்கு எங்குமே பொருந்தாது.

மற்ற அறிகுறிகளை நம்பிக் காத்திருக்க முடியாது. பெரியவர் என்றால் தலைவலி, குழப்பம், மூச்சு முட்டல் என்று சொல்வார். மயக்க மருந்தில் வென்டிலேட்டரில் கிடக்கும் கைக்குழந்தை எதையும் சொல்லாது. வலிப்பு, கண்பாவை விரிதல், துடிப்பு மந்தமாதல் எல்லாம் கடைசிக் கட்டம். ஆக்சிமீட்டரும் உதவாது, 99 காட்டிக்கொண்டேயிருக்கும். மாறாக அது 85 பக்கம் இறங்கி, ஆக்சிஜன் கூட்டியும் அசையாமல், ரத்தம் சாக்லேட் நிறத்தில் வந்தால், அது மெத்ஹீமோகுளோபின். பிறந்த குழந்தைகளில் மெத்ஹீமோகுளோபினைத் திரும்ப மாற்றும் நொதி பெரியவர்களில் இருப்பதில் பாதி அளவுதான். கூடவே நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் ஓடினால் இரண்டும் சேர்ந்து ஏற்றும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் உள்ள கேஸ் மெஷினில் அளந்து பாருங்கள்.

சயனைடு அளவுக்கு ரத்தம் அனுப்பலாம், ஆனால் பதில் வருவதற்குள் முடிவு நடந்து முடிந்துவிடும். மருந்து, லாக்டேட், சிரை ஆக்சிஜன் மூன்றும் ஒத்துப்போனால் சிகிச்சையைத் தொடங்க அதுவே போதும்.

பம்பை நிறுத்தும்போது குழாயை ஃபிளஷ் செய்யாதீர்கள். சென்ட்ரல் லைனோடு இணைத்த எக்ஸ்டென்ஷனைக் கழற்றி, லைனில் மிச்சமிருக்கும் மருந்தைப் பின்னால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு சலைன் தள்ளுங்கள். ஆக்சிஜனை 100 சதவீதமாக்குங்கள். அடுத்து சோடியம் தயோசல்பேட்: ஒரு கிலோவுக்கு 150 முதல் 250 மி.கி. சிரைவழியாக. 25 சதவீதக் கரைசலில் ஒரு மி.லி.யில் 250 மி.கி. இருக்கும் என்பதால், 4 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 4 மி.லி. பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகப் போக வேண்டும். வேகமாகத் தள்ளினால் அழுத்தம் விழும், வாந்தி வரும். லாக்டேட் இறங்காவிட்டால் பாதி அளவை மறுபடி கொடுக்கலாம். கல்லீரலுக்குத் தீர்ந்துபோன கந்தகத்தைத்தான் இது நிரப்புகிறது. நொதி அங்கேயே காத்திருக்கிறது. இந்த நச்சில் தயோசல்பேட் தனியாகவே பெரும்பாலும் போதும் என்பது என் நிலைப்பாடு.

சயனைடு முறிவுப் பெட்டிகளில் சோடியம் நைட்ரைட்டும் இருக்கும். வேண்டுமென்றே மெத்ஹீமோகுளோபினை உண்டாக்கிச் சயனைடைப் பிடிப்பது அதன் உத்தி. 3 சதவீதக் கரைசல், கிலோவுக்கு 0.2 மி.லி. என்று எழுதியிருக்கும். நெஞ்சைத் திறந்து தைத்த, ஹீமோகுளோபின் 9-இல் நிற்கிற கைக்குழந்தைக்கு அதை எடுத்துப் போடுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் ஒரு பங்கை நாமே முடக்குகிறோம், அழுத்தத்தையும் குப்புறத் தள்ளுகிறோம். சயனைடைப் பிடித்துக்கொள்ளும் பி12 வடிவமான ஹைட்ராக்சோகோபாலமின் கிடைக்கும் இடத்தில் அதுவே மேல்: கிலோவுக்கு 70 மி.கி., 15 நிமிடத்தில். இந்தக் குழந்தைக்கு 280 மி.கி. இங்கே ஒரு எச்சரிக்கை. மருந்தகத்தில் சாதாரண பி12 ஊசி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். 1 மி.கி. ஆம்பூலில் 280 உடைக்க முடியாது. அதிலும் பாதி சயனோகோபாலமினாக இருக்கும். அது ஏற்கெனவே சயனைடைக் கட்டிக்கொண்டு வருவது, புதிதாக எதையும் பிடிக்காது. ஹைட்ராக்சோகோபாலமின் போனபின் தோலும் சிறுநீரும் சிவக்கும், கோ-ஆக்சிமீட்டரும் நிறத்தை வைத்து அளக்கும் சில ரத்தப் பரிசோதனைகளும் தப்பாகக் காட்டும். ஆகவே ரத்த மாதிரிகளை முதலிலேயே எடுத்துவிடுங்கள். தயோசல்பேட்டையும் இதையும் ஒரே லைனில் விடக் கூடாது. மெத்ஹீமோகுளோபின் மிகுந்ததற்குக் கொடுக்கும் மெத்திலீன் புளூவை, சயனைடு சந்தேகம் இருக்கும்போது தொடாதீர்கள். பிடித்துவைத்த சயனைடை அது அவிழ்த்துவிடும்.

இனி, வராமல் காப்பது. எந்த அழுத்த மருந்தைத் தொடுவதற்கு முன்பும் அந்த எண் உண்மையா என்று பாருங்கள். கோஆர்க்டேஷன் குழந்தையில் வலது கைதான் கணக்கு. இடது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனியையே மடித்து ஒட்டாகப் பயன்படுத்திய அறுவையில் இடது கை அளவுக்குப் பொருளே இல்லை. ஆர்டீரியல் லைனின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்தில் இருக்கிறதா, பிபி பட்டை கையின் அளவுக்குச் சரியா, அலை வடிவம் கூர்மையாகத் தாவுகிறதா? பிறகு வலி. மார்பைத் திறந்த குழந்தை வலியில் துடிக்கும்போது அதற்கு நைட்ரோபுரூசைடு கொடுப்பது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது மாதிரி. ஃபென்டனில் அல்லது மார்ஃபின், பாராசிட்டமால், தேவைப்பட்டால் டெக்ஸ்மெடிடோமிடின். இவை சரியாகப் போனாலே பாதி அழுத்தம் இறங்கும். மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா, கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கிறதா, அறுவை அரங்கில் தொடங்கிய, அழுத்தத்தை ஏற்றும் டோபமைன் இன்னும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கிண்டலாகக் கேட்கவில்லை. ஒரு பம்ப் ஏற்ற, இன்னொரு பம்ப் இறக்க என்று ஓடும் படுக்கைகள் உண்டு. இயல்பு எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: நிறைமாதத்தில் பிறந்து ஒரு மாதமான குழந்தையின் சிஸ்டாலிக் நடுமதிப்பு 90-ஐ ஒட்டி இருக்கும், 105-க்கு மேல் போனால் 95-வது சதமானத்தைத் தாண்டுகிறது. அறுவைக்கு முன் 140-இல் இருந்த குழந்தையை ஒரே இரவில் 90-க்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயமும் இல்லை. தையல் கசியாமல், மூளையில் ரத்தம் கசியாமல் காப்பதுதான் குறி.

மருந்து தேவை என்றால் முதலில் பீட்டா தடுப்பான். எதிரி நார்அட்ரினலின் என்று தெரிந்த பிறகு குழாயைத் தளர்த்துவதில் தொடங்குவது தலைகீழ். எஸ்மோலால் என்ற பீட்டா தடுப்பான் சிவப்பணு நொதியாலேயே உடைகிறது, அரை ஆயுள் 10 நிமிடத்துக்குள், கல்லீரலும் சிறுநீரகமும் பழுதானாலும் தேங்காது. கிலோவுக்கு 125 முதல் 500 மைக்ரோகிராம் வரை ஒரு தொடக்க டோஸ், பிறகு கிலோவுக்கு நிமிடத்துக்கு 50-இலிருந்து 300 வரை. கோஆர்க்டேஷன் பிள்ளைகளுக்கு மேல் எல்லைதான் பெரும்பாலும் தேவைப்படும். இதற்கும் விலை உண்டு. 10 மி.கி./மி.லி. கரைசலில் 300 மைக்ரோகிராம் என்றால் இந்தக் குழந்தைக்கு மணிக்கு 7.2 மி.லி., நாளுக்கு 173 மி.லி., கிலோவுக்கு 43 மி.லி. திரவம். அறுவைக்குப் பிந்தைய முதல் நாளில் அனுமதித்த மொத்தத் திரவத்தில் இது பெரும்பங்கு. அதற்காகக் கரைசலைக் கெட்டியாக்கினால் சிரை வெந்துபோகும். சென்ட்ரல் லைன் இருந்தால் மட்டுமே அதை யோசிக்கலாம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருந்த 250 மி.கி./மி.லி. ஆம்பூலை, நீர்க்காமல் அப்படியே தொடக்க டோஸாகத் தள்ளி உயிர்கள் போயின. ஆம்பூலின் மேல் உள்ள எண்ணைச் சத்தமாக இரண்டு பேர் படிக்கும் வழக்கம் வீண் சடங்கு அல்ல. பீட்டா தடுப்பான் ஓடும் கைக்குழந்தைக்கு ரத்தச் சர்க்கரையும் மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். சர்க்கரை விழுந்தால் வழக்கமாக எச்சரிக்கும் துடிப்பு வேகம் இப்போது வராது.

பீட்டா தடுப்பான் போட்டும் சிஸ்டாலிக் நிற்கவில்லை என்றால் அப்போது நைட்ரோபுரூசைடைச் சிறிய அளவில், 0.5-இலிருந்து 2-க்குள், சேருங்கள்; இரண்டும் சேர்ந்தால் பாதி டோஸிலேயே வேலை நடக்கும். அல்லது நிகார்டிபின் என்ற கால்சியம் தடுப்பான். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.5-இலிருந்து 3 மைக்ரோகிராம் வரை போகலாம், சயனைடு கிடையாது. ஆனால் அதன் விளைவு மெதுவாக வரும், மெதுவாகத்தான் போகும், புறச் சிரையில் ஓடினால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், ரிங்கர் லாக்டேட்டோடு கலக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் இதயத் தசை சுருங்குவதற்கு வெளியிலிருந்து வரும் கால்சியத்தையே நம்பியிருக்கிறது. அயனிக் கால்சியத்தைச் சரிசெய்யாமல் எந்தக் கால்சியம் தடுப்பானையும் தொடக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே இன்னொரு கால்சியம் தடுப்பானான வெரபமிலைச் சிரைவழி கொடுத்தால் இதயமே நின்றுபோகலாம். அதைப் பெட்டியிலேயே வைக்காமல் இருப்பது நல்லது.

மூன்றாம் நாள் ரெனின் கட்டத்தில் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் காப்டோபிரில் போன்ற ஏசிஇ தடுப்பான் நல்ல தேர்வாகத் தோன்றும், சரிதான். டோஸில்தான் வழுக்குவார்கள். பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி.யில் தொடங்குவது பாதுகாப்பு. பெரிய குழந்தைகளின் டோஸைக் கொடுத்தால் அழுத்தம் மணிக்கணக்கில் விழுந்தே கிடக்கும், சிறுநீர் நிற்கும், பொட்டாசியம் ஏறும். 12.5 மி.கி. மாத்திரையை நீரில் கரைத்து 0.04 மி.கி. எடுப்பது என்பது பத்து மடங்குப் பிழைக்கு வெற்றிலை பாக்கு வைப்பது. 12.5 மி.லி. நீரில் கரைத்து ஒரு மி.லி.யை எடுத்து, அதை மறுபடி 10 மி.லி.யாக்கி, அதில் 0.4 மி.லி. என்று இரண்டு படியாக எழுதி வையுங்கள். சிரைவழி எனலாபிரிலாட்டைக் கைக்குழந்தைகளில் தவிர்ப்பதே மேல். அறுவைக்குப் பிறகும் சுருக்கம் மிச்சமிருக்கிறதா, கை கால் அழுத்த வித்தியாசம் 20-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏசிஇ தடுப்பான்.

நைட்ரோபுரூசைடைக் கலக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள் தனி. 50 மி.கி. குப்பியை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். குப்பியிலிருந்து நேராக ஊசி போட்டால் குழந்தை போய்விடும். 250 மி.லி.யில் கலந்தால் ஒரு மி.லி.யில் 200 மைக்ரோகிராம். 4 கிலோ குழந்தைக்கு 0.5 மைக்ரோகிராம் என்பது மணிக்கு 0.6 மி.லி., 2 என்பது 2.4 மி.லி. இந்த இரண்டு எண்களையும் பம்பின் மேல் ஒட்டிவிடுங்கள், 2.4-ஐத் தாண்டும்போது யாராவது கேள்வி கேட்பார்கள். மூவழித் திருகிலும் எக்ஸ்டென்ஷனிலும் சேர்ந்து ஒரு மி.லி. மருந்து நிற்கும். அதே லைனில் ஆன்டிபயாடிக் தள்ளினால் 200 மைக்ரோகிராம் ஒரே மூச்சில் உள்ளே போகும். 0.5-இல் ஓடும் குழந்தைக்கு அது 100 நிமிட மருந்து. ஆகவே இந்த மருந்துக்குத் தனி லைன், அதில் வேறு எதுவும் இல்லை.

வெளிச்சம் பட்டால் மருந்து உடைந்து சயனைடு பிரியும், வேலையும் குறையும். அழுத்தம் இறங்கவில்லையே என்று டோஸ் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிரிஞ்சை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழே கிடக்கும் பிறந்த குழந்தைக்குக் குழாயையும் சேர்த்துச் சுற்றுவது என் பரிந்துரை. கரைசல் இளம்பழுப்பாக இருப்பது இயல்பு. நீலம், பச்சை, அடர்சிவப்பு என்று மாறினால் கொட்டிவிடுங்கள். சுற்றியே வைத்திருந்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒரே கரைசல் வேண்டாம்.

2-க்கு மேல் போயே ஆக வேண்டிய குழந்தை சில நேரம் இருக்கும். அங்கே தயோசல்பேட்டை முன்கூட்டியே, நைட்ரோபுரூசைடு 1 மி.கி.க்கு 10 மி.கி. என்ற விகிதத்தில், கூடவே ஓட்டுவதுண்டு. சயனைடு சேராது. பதிலுக்குத் தயோசயனேட் கூடும், சிறுநீரகம் மந்தமான குழந்தையில் அது தேங்கும். ஆகவே இது இரண்டாவது மருந்து வேலை செய்யும்வரை சில மணி நேரத்துக்கு ஓர் ஊன்றுகோல்.

மருந்தை இறக்கும்போது சட்டென்று நிறுத்தினால், நச்சு இல்லாத குழந்தையில், அழுத்தம் துள்ளி எழும். இதுவரை தூண்டப்பட்ட ரெனின் அப்படியே இருக்கிறது. வாய்வழி புரோபிரனலால் அல்லது காப்டோபிரில் பிடித்த பிறகு சில மணி நேரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அறுவைக்கு முன்பிருந்தே வாய்வழி புரோபிரனலால் கொடுத்தால் இந்த எதிர்வினை அழுத்தமே குறைகிறது. திட்டமிட்டு நடக்கும் அறுவையில் இந்த எளிய வழியை விட்டுவிடக் கூடாது.

கடைசியாகத் தயோசயனேட். அது சயனைடு அல்ல, சயனைடு கழிந்துபோனதன் ரசீது. அதன் நச்சு வேறு: நாள்கணக்கில் ஓடிய மருந்தில், சிறுநீரகம் பழுதான குழந்தையில் மெல்லச் சேரும். அரை ஆயுள் 3 நாள், சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் இன்னும் நீளும். லிட்டருக்கு 60 மி.கி.யை நெருங்கும்போது கண்பாவை சிறுத்து, கை கால் அனிச்சை மிகுந்து, வாந்தியும் எரிச்சலும் வரும். 200-ஐ ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. டயாலிசிஸில் அது வெளியேறும். மூன்று நாளுக்கு மேல் ஓட்டினால் தினமும் அளக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு 30 மணி நேரத்தில் அது இயல்பாக வந்ததில் ஆறுதல் எதுவும் இல்லை. உள்ளே போன பன்னிரண்டரை மி.கி. சயனைடும் ஒழுங்காக மாறியிருந்தால் தயோசயனேட் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, லாக்டேட் 7, சிரை ரத்தம் சிவப்பு என்றால், கந்தகம் தீர்ந்து மாற்றமே நின்றுபோயிருக்கிறது என்பதற்குத்தான் அந்தத் தாள் சாட்சி.